சித்திகா அக்காவின் பச்சைப் புள்ளி

மேடவாக்கம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனையில் அந்தக் காளை நின்றுகொண்டிருந்தது. முன்னங்காலில் கேபிள் டி.வி. ஒயர் சுற்றி, இறுகி, சதைக்குள் போயிருந்தது. கிட்டே போனால் முட்ட வந்தது. 2006 ஜூன் மாதம். நான் அப்போது தெரு விலங்குகளுக்கான ஒரு சிறிய அறக்கட்டளையில் கால்நடை மருத்துவராக இருந்தேன். மயக்க ஊசியைத் தூரத்திலிருந்து செலுத்துகிற துப்பாக்கி ஒன்று எங்களிடம் உண்டு. அதன் முதுகில் ஒரு ஸ்கோப். குழாய்க்குள் கண்ணை வைத்தால் ஒரு கூட்டல் குறி தெரியும். அதைக் காளையின் தொடை மேல் நிறுத்தி விசையை அழுத்தினேன். ஊசி காளைக்கு ஒரு முழம் முன்னால் மண்ணில் குத்தி நின்றது. அடுத்தது முதுகுக்கு மேலே பறந்து மண்மேட்டில் விழுந்தது. காளை இரண்டு முறையும் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

கடைசியில் எட்டுப் பேர் கயிறு போட்டு அதைச் சாய்த்தோம். ஒருவருக்கு விலா எலும்பில் அடி. திரும்பி வரும்போது வண்டியில் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். டிரைவர் மாரிதான் ஆரம்பித்தார்.

"உங்க கை மேல தப்பு சொல்லிக்காதீங்க மேடம். அந்தக் கண்ணாடியை ஒரு தபா யார்னா பாக்கணும். கீழ்க்கட்டளையில ஒரு அம்மா கீறாங்க. பில்டிங் கட்றவங்க மட்டம் பாக்க வச்சிருப்பாங்களே லெவல் மிஷின், இதே மாறி கண்ணாடிக் குழா வச்சது, அத்த ரிப்பேர் பண்றவங்க. காஜா பாய் வூட்டம்மா."

இப்படித்தான் நான் சித்திகா அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஏரிக்குப் பின்னால் இருந்த தெருவில் முதல் மாடி வீடு. அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மெலிந்த உடம்பு, சேலை முந்தானை தலையில். ஸ்கோப்புக்குள் கண்ணை வைக்கும்போது அது நழுவித் தோளில் விழும், கவனிக்கவே மாட்டார். நான் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"இத்த வச்சு இன்னா சுடுவீங்க?"

"மாடு, குதிரை. சில நேரம் குரங்கு."

"பட்டா செத்துப் போயிடுமா?"

"இல்லைங்க. தூங்கும். தூங்கினாத்தானே நான் கிட்ட போய் வைத்தியம் பார்க்க முடியும்?"

அதைக் கேட்ட பிறகுதான் கையை நீட்டினார். காகித இலக்கைச் சுடுகிறவர்களின் ஸ்கோப்பைப் பார்ப்பார், உயிரைச் சுடுகிறவர்களின் ஸ்கோப்பைத் தொட மாட்டார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போதே செம்பாக்கம் பக்கமிருந்த ஒரு ரைஃபிள் கிளப்பிலிருந்து இரண்டொருவர் அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள்.

பால்கனிக் கட்டைச் சுவரில், சாமான்களைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸ் ஒன்று போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி அதில் இறுக்கினார். நேரெதிரே, நாற்பது மீட்டர் தள்ளி, தண்ணீர்த் தொட்டியின் தூணில் ஒரு பலகை. அதில் கட்டம் போட்ட கிராஃப் தாள், நடுவில் சிவப்புப் புள்ளி. தெருக்காரர்கள் அதை ஏதோ சர்வே அடையாளம் என்று நினைத்திருந்தார்கள். ஒருமுறை யாரோ அதன் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்களாம். அக்கா காலையில் ஸ்கோப்பில் பார்த்தால் ஒரு பெரியவரின் நெற்றிப் பொட்டில் கூட்டல் குறி நிற்கிறது. பதறிப்போய் ஸ்கோப்பை மூடி வைத்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் அந்தப் போஸ்டரைக் கிழிக்கவுமில்லை, யாருடைய ஸ்கோப்பையும் பார்க்கவுமில்லை.

"பிளஸ் இப்ப எங்க கீது, சொல்லுங்க டாக்டரம்மா."

"சிவப்புப் புள்ளி மேல."

"இப்ப நான் திருப்பறேன், நீங்க பாத்துகினே இருங்க." மேலே இருந்த குமிழை இருபது கிளிக் திருப்பினார். பிளஸ் மேலே போனது. பக்கத்துக் குமிழை இருபது கிளிக். வலது பக்கம் போனது. பிறகு இருபது கீழே, இருபது இடது. "இப்ப?"

பிளஸ் சிவப்புப் புள்ளிக்கு இரண்டு கட்டம் தள்ளி நின்றது.

"நாலு மூலையும் சுத்துனா கெளம்புன வூட்டுக்கே வந்து சேரணும். இது பக்கத்து வூட்டுக்குள்ள பூந்துடுச்சு."

அதோடு விடவில்லை. தலையை மட்டும் லேசாக இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். ஸ்கோப் அசையவில்லை, ஆனாலும் பிளஸ் தாளின் மேல் மிதந்தது. கடைசியாகக் கதவோரம் கிடந்த ஒரு ஹவாய் செருப்பை எடுத்து ஸ்கோப்பின் கழுத்தில் மூன்று தட்டு தட்டினார். பிளஸ் இன்னும் ஒரு கட்டம் குதித்தது.

"நீங்க சரியாத்தான் சுட்டிருப்பீங்க. இது சொன்ன எடத்துக்குப் போயிருக்கு ஊசி, அவ்ளோதான்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்க, இவ்வளவும் எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். பதில் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் அடங்கிவிட்டது.

அப்பா பல்லாவரம் பஜாரில் தையல்காரர். சித்திகா பத்தொன்பது வயதில் கிண்டியில் ஒரு கருவிக் கம்பெனியில் சேர்ந்தார். லெவல் மிஷினும் பைனாகுலரும் செய்கிற இடம். முதல் இரண்டு வருடம் ஸ்பிரிட் பஞ்சால் லென்ஸ் துடைப்பதுதான் வேலை. துடைக்கக் கொடுத்த லென்ஸ்களில் சிலவற்றைத் துடைக்காமல் ஒதுக்கி வைப்பாராம். சூப்பர்வைசர் திட்டிவிட்டுப் பார்த்தால், ஒதுக்கியது எல்லாவற்றிலும் மயிரிழைக் கீறல் இருக்கும். அவரைப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பதினாறு வருடம். 2001-ல் கம்பெனி வடக்கே போய்விட்டது. சித்திகா போகவில்லை. கணவர் காஜா இங்கே பிரியாணி மாஸ்டர். ஃபயாஸ், நிகத் என்று இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வேளச்சேரி, பெருங்குடி, மேடவாக்கம் என்று எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி எழும்பிய காலம் அது. ஒவ்வொரு சைட்டிலும் ஒரு லெவல் மிஷின் வாரத்துக்கு ஒருமுறை ஸ்டாண்டிலிருந்து கீழே விழும். அவை எல்லாம் இந்தப் பால்கனிக்கு வந்தன.

"துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? நான் தொட்டதே இன்னிக்குத்தான்."

புது ஸ்கோப் வாங்க வேண்டியிருந்தது. பாரிமுனைப் பக்கம் ஏர் ரைஃபிளும் அதற்கு வேண்டிய சாமான்களும் விற்கிற கடைக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் ஏதோ நீளமாக இருக்கும், எல்லோருக்கும் அவர் சேட்டு. சித்திகா அக்கா பார்த்துச் சரி என்றால்தான் எடுப்பேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே ஆறு ஸ்கோப் அனுப்பினார். எல்லாம் பளபளப்பான பெட்டியில், பன்னிரண்டு மடங்கு, பதினாறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று எழுதியிருந்தது.

"பெருசா காட்றது வேற, சரியா காட்றது வேற டாக்டரம்மா. நாப்பது மீட்டருக்கு நாலு மடங்கே தாராளம்" என்றார் அக்கா.

அந்த ஆறும் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாக முக்கினார். குழாயின் வாயில் ஒரே ஒரு காற்றுக் குமிழி வந்தாலும் அது தோற்றது, ரப்பர் வளையம் சரியில்லை என்று அர்த்தம். அடுத்தது ஐஸ். கோவளத்திலிருந்து வாரம் மூன்று நாள் மீன் கொண்டுவருகிற முத்தாலம்மாள், விற்றது போக மிஞ்சிய ஐஸை அக்காவுக்கென்று எடுத்து வருவார். பாலித்தீன் பையில் சுற்றிய ஸ்கோப் அதற்குள் அரை மணி நேரம் புதைந்து கிடக்கும். வெளியே எடுத்ததும் கண்ணாடி வெளுக்கும். துடைத்தால் போய்விட்டால் சரி, உள்ளேயே வெளுப்பு நின்றால் போச்சு. முத்தாலம்மாள் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "வஞ்சிரத்த வுட இதுக்குத்தான்மா மருவாதி ஜாஸ்தி கீது இந்த வூட்ல."

கடைசிப் பரீட்சை காஜா பாயின் குட்டி யானை வண்டி. கல்யாண மண்டபங்களுக்குப் போகிற பிரியாணி தேக்சாக்களுக்கு நடுவே, வண்டியின் தரையில் ஸ்கோப்பைக் கட்டிவிடுவார். மேடவாக்கம் ரோடு அப்போது பள்ளமும் மேடுமாகத்தான் கிடந்தது. போய்வந்த பிறகும் பிளஸ் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

"என் பிரியாணிக்கு இதுல பாதி டெஸ்ட் வச்சதில்ல மேடம்" என்றார் காஜா பாய். "ஒரு வாய் எடுத்துப் போட்டுகினு தலைய ஆட்டுவா. நல்லாக்கீதா இல்லியான்னு ராத்திரி வரைக்கும் நான் யோசிச்சிகினு கெடக்கணும்."

ஆறில் ஒன்று பிழைத்தது. அக்கா, தன் மகள் நிகத்தின் பச்சை நெயில் பாலிஷை எடுத்து, ஸ்கோப்பின் அடிவயிற்றில் கடுகளவு ஒரு புள்ளி வைத்தார். எது பார்த்தது, எது பார்க்காதது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அதை நான் துப்பாக்கியில் பொருத்தினேன். அடுத்த பத்து மாதத்தில் சுட்டது எதுவும் தவறவில்லை.

ஐந்து திரும்பி வந்ததும் சேட்டு முதலில் கோபப்பட்டார். பிறகு யோசித்தார். கிளப்காரர்கள் கடைக்கு வந்து ஸ்கோப்பைக் கவிழ்த்துப் பார்த்து, "பச்சைப் புள்ளி வச்சது இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதன் பிறகு வந்த சரக்கை எல்லாம் அவரே கீழ்க்கட்டளைக்கு அனுப்பினார். நாற்பதுக்கு மேல் வந்ததில், என்னுடையதையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு பச்சைப் புள்ளி.

2007 ஏப்ரலில் கோவளத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. கடற்கரையில் சவாரிக்கு விட்டிருந்த குதிரை ஒன்று, சொந்தக்காரன் ஊரை விட்டுப் போனதும் தனியாகத் திரிந்து சவுக்குத் தோப்புக்குள் பாதிக் காட்டுக் குதிரையாக ஆகிவிட்டது. கழுத்தில் பழைய நைலான் கயிறு. குதிரை வளர, கயிறு வளரவில்லை. தோலை அறுத்து உள்ளே போய்ச் சீழ் வைத்திருந்தது. மனிதர் நிழல் பட்டால் ஓடுகிறது.

காலை பதினோரு மணிக்கே போய்விட்டோம். துப்பாக்கியை ஜீப்பின் பானெட் மேல் தயாராக வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி வாக்கில் குதிரை தோப்பை விட்டு வெளியே வந்து, கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளுக்கு முன்னால் நின்றது. அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லை. முப்பத்தைந்து மீட்டர். பிளஸ் புட்டத்தில் அசையாமல் நின்றது. அழுத்தினேன்.

ஊசி குதிரையின் வாலுக்குப் பின்னால் ஒரு கை அகலம் தள்ளிப் போய், ஒரு ஃபைபர் படகின் விலாவில் குத்தி நின்றது. குதிரை தோப்புக்குள் மறைந்தது.

அந்தப் படகு முத்தாலம்மாளின் கணவர் எத்திராஜுடையது. சுனாமிக்குப் பிறகு வந்த படகு. முத்தாலம்மாள் வந்து, ஊசியையும் அதைச் சுற்றி விழுந்த கீறலையும் பார்த்தார்.

"குதிரையச் சுட வந்துட்டு எம் படகச் சுட்டுகீறீங்களே டாக்டரம்மா. மருந்து ஏறி இது தூங்கிடுச்சின்னா நாளைக்குக் கடலுக்கு யாரு போறது?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. அன்று மாலையே ஸ்கோப்பைக் கீழ்க்கட்டளையில் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து அக்கா போன் செய்தார். "எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஒரு கொறையும் இல்ல."

"அப்போ என் கைதான் அக்கா. இல்லைன்னா கடல் காத்து."

"காத்துன்னு சொல்லிடலாம். அது வந்து இல்லேன்னு சொல்லப் போறதில்ல. எனக்கு அந்த எடத்தப் பாக்கணும் டாக்டரம்மா. அன்னிக்கு எத்தினி மணிக்குப் போனீங்களோ அதே மணிக்கு."

மறுநாள் அவரை ஜீப்பில் கூட்டிப் போனேன். மடியில் ஒரு துணிப்பை, அதில் சின்ன வைஸ், கிராஃப் தாள், பசை. எத்திராஜிடம் கேட்டுக்கொண்டு வைஸை அவருடைய படகின் விளிம்பில் முடுக்கினார். முப்பத்தைந்து மீட்டரைக் காலடி வைத்து அளந்து, அந்தப் பக்கமிருந்த இன்னொரு படகில் தாளை ஒட்டினார். பதினோரு மணிக்கு ஸ்கோப்பைப் பொருத்தினோம். பிளஸ் சிவப்புப் புள்ளி மேல் நின்றது.

"சரி. அன்னிக்கு இன்னா செஞ்சீங்களோ அதையே செய்யுங்க. எதையும் மாத்தாதீங்க."

நான் ஸ்கோப்பைக் கொண்டுபோய் ஜீப்பின் பானெட் மேல் வைத்தேன். சித்திரை வெயில். மணலைப் பார்க்கக் கண் கூசியது. இரண்டு பேரும் படகு நிழலில் உட்கார்ந்தோம். முத்தாலம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மணிக்கு அக்கா எழுந்து போய் ஸ்கோப்பை எடுத்தார். எடுத்த வேகத்தில் கையை உதறினார். கறுப்புக் குழாய் தோசைக்கல் மாதிரி சுட்டது. முந்தானையால் சுற்றிப் பிடித்து வந்து வைஸில் வைத்து, கண்ணை வைத்தார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க பாருங்க" என்றார்.

பிளஸ் புள்ளியை விட்டு ஒரு சாணுக்கு மேல் விலகி நின்றது.

ஸ்கோப்பைக் கழற்றாமல் அதன் மேல் குடையை விரித்துப் பிடித்தார். இருபது நிமிஷம், அரை மணி. சூடு ஆற ஆற, பிளஸ் மெல்ல நகர்ந்து சிவப்புப் புள்ளிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது, ஒன்றும் தெரியாததுபோல. மறுபடி பானெட் மேல் வைத்துப் பார்த்தார். மறுபடி விலகியது. உள்ளே ஏதோ ஒரு பிடிப்பு வெயிலில் இளகி, நிழலில் இறுகுகிறது. அன்று மாலை நான் அக்காவின் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அது ஆறிவிட்டிருந்தது.

அக்கா மணலில் உட்கார்ந்தார். முகத்தில் வேர்வை வழிந்தது, துடைக்கவில்லை.

"கம்பெனில ஒரு பட்டியல் இருந்துது. வெளிநாட்டுக்குப் போற பைனாகுலருக்குப் போட்டது. தண்ணி, பனி, குலுக்கல்னு வரிசையா இருக்கும். பதினாறு வருஷம் அத்தையே பாத்துகினு இருந்தேன். வூட்டுக்கு வந்தும் அத்தையே செஞ்சேன்." குடையை மடக்கி வைத்தார். "நம்ம ஊர்ல பனி எங்க பெய்யுது டாக்டரம்மா? ஐஸ் தேடிப் புடிச்சு வச்சேன். தலைக்கு மேல கீற வெயில்ல ஒரு நாள் வைக்கல."

முத்தாலம்மாள் ஆறுதலாக ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வழியெல்லாம் அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். சேலையூர் ஒருவர், செம்பாக்கம் மூவர், பல்லாவரம் இருவர். பச்சைப் புள்ளி யார் யாரிடம் போனது என்று பெயர் பெயராகத் தெரிந்திருந்தது. அடுத்த நாளே சேட்டுவின் கடையில் போய் நின்றார். நானும் போயிருந்தேன்.

"அம்மா, ஒரு ஆளு கம்ப்ளெய்ன்ட் பண்ணலை" என்றார் சேட்டு. "நீங்களே போயி எதுக்கு எழுப்பி விடறீங்க? இனிமே வர்றதை வெயில்ல வச்சுப் பாருங்க, போதும்."

"அவங்களும் காத்துன்னு நெனச்சிகினு இருப்பாங்க சேட்டு. பதினொண்ணும் எனக்குத் திரும்ப வேணும்."

"உங்க பேருதான் கெடும்."

"நான் வச்ச புள்ளிதானே? நான்தான் போய் எடுக்கணும்."

காஜா பாய் குட்டி யானையை எடுத்தார். மூன்று நாள் அலைந்தார்கள். பெரும்பாலானவர்கள் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார்கள். சேலையூரில் சம்பந்தம் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும் தரமாட்டேன் என்றார். அந்த ஸ்கோப்பை வைத்துத்தான் கிளப்பில் கோப்பை வாங்கியிருந்தார்.

"கோப்பை வாங்கிக் கொடுத்த ஸ்கோப்பு. இதுல போயி குத்தம் சொல்றீங்களேம்மா."

"எத்தினி மணிக்கு சுடுவீங்க சார்?"

"காலையில ஏழு மணிக்கு. அப்புறம் வெயில் வந்துடும்."

"அப்ப தப்பே இல்ல சார். வச்சிக்குங்க. ஆனா பத்து மணிக்கு மேல மட்டும் சுடாதீங்க."

அக்கா அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். தலைமையாசிரியர் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் மாலை ஆட்டோ பிடித்துக் கீழ்க்கட்டளைக்கு வந்து இறங்கினார். முகமும் கழுத்தும் வெயிலில் சிவந்திருந்தன. ஸ்கோப்பை மேஜை மேல் வைத்து, "நீங்க சொன்னது சரிதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

மொட்டை மாடியின் சிமென்டுத் தரையில் பன்னிரண்டையும் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை காயப் போட்டு, ஒவ்வொன்றாக வைஸில் வைத்துப் பார்த்தார். என்னுடையதோடு சேர்த்து ஐந்து விலகின. நிகத்தின் பாலிஷ் ரிமூவரால் அந்த ஐந்தின் பச்சைப் புள்ளியையும் அழித்தார். சேட்டு முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அக்காவின் வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துக் காஜா பாய் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை.

"லெவல் மிஷினக் கூடத் தொட மாட்டேங்கறா மேடம். நாலு சைட்டுக்காரன் வந்து போயிட்டான். எடுத்துப் பாக்கறா, வச்சிடறா. நேத்து சோறு வடிச்சுட்டு, வெந்துச்சான்னு என்கிட்ட கேக்கறா. இருவது வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல."

அன்று மாலை போனேன். பால்கனியில் வைஸ் காலியாக இருந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. மாட்டுக்கும் நாய்க்கும் சொல்லிப் பழகிய வாய். அதனால் குதிரையைப் பற்றிச் சொன்னேன். தோப்பு ஓரத்தில் மருந்து கலந்த வெல்லம் வைத்துப் பார்த்தேன், பாதியைத் தின்கிறது, பாதியை விட்டுவிடுகிறது. புண்ணில் புழு வைத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் தாங்குமா தெரியவில்லை. சேட்டு மாற்றிக் கொடுத்ததை அக்கா பார்க்காமல் பொருத்த எனக்கு மனமில்லை, அதனால் துப்பாக்கியில் ஸ்கோப் இல்லை.

அக்கா என் கண்ணைப் பார்க்காமல் கேட்டார். "கிட்ட போயி வெறும் கண்ணால சுட முடியாதா?"

"கிட்ட விடாது அக்கா."

உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு ஸ்கோப்பைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். நான்கு மடங்குதான் காட்டும், பெயின்ட் சரியில்லை, பெட்டி கூட இல்லை. சேட்டுவின் பழைய சரக்கில் கிடந்ததாம்.

"எட்டு நாளா தெனமும் மாடில வச்சு எடுத்துகினு கீறேன். அசையல." என் கையில் கொடுக்காமல் பிடித்தபடியே நின்றார். "அன்னிக்கும் அசையலன்னுதான் சொன்னேன்."

"நீங்களும் வாங்க" என்றேன். "அங்கேயே வச்சுப் பார்த்துட்டு, நீங்க சரின்னு சொன்னா சுடறேன். இல்லைன்னா திரும்பிடலாம்."

மே முதல் வாரம் போனோம். வெயில் அதே வெயில்தான். ஸ்கோப் துப்பாக்கியோடு ஒன்றரை மணி நேரம் பானெட் மேல் கிடந்தது. அக்கா நடுவில் இரண்டு முறை போய்த் தாளில் பார்த்தார். இரண்டாவது முறை பார்த்துவிட்டு வந்து, தலையை ஆட்டினார். அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டேன். குதிரை வந்தபோது மணி ஒன்றரை. முன்பு நின்ற இடத்தைவிடத் தள்ளி, மணல்மேட்டுக்கு முன்னால் நின்றது. நாற்பது மீட்டர் இருக்கும். பிளஸ்ஸைப் புட்டத்தில் வைத்து அழுத்தினேன்.

ஊசி வைத்த இடத்தில் போய் நின்றது. குதிரை துள்ளியது, இருபது அடி ஓடியது, கடல் பக்கம் திரும்பப் பார்த்தது. எத்திராஜும் இன்னும் நான்கு பேரும் வலையைக் கையில் விரித்துக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். குதிரை தயங்கியது. முன்னங்கால் மடிந்தது. பிறகு பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்தது.

வேலை செய்ய எனக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. கண்ணை மூட ஆள் வேண்டும் என்றேன். வெயில் பட்டால் மயக்கத்தில் இருக்கிற குதிரையின் கண் கெட்டுவிடும். மாரி கயிற்றைப் பிடித்திருந்தார். அக்காதான் வந்து மணலில் மண்டியிட்டு, ஈரச் சாக்கைக் குதிரையின் முகத்தில் போட்டுப் பிடித்துக்கொண்டார். நான் கயிற்றை அங்குலம் அங்குலமாக வெட்டி எடுத்தேன். நாற்றம் தாங்க முடியவில்லை. அவர் முகத்தைத் திருப்பவில்லை. சாக்கு காயும்போதெல்லாம் முத்தாலம்மாள் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்.

"மூச்சு வுடுது டாக்டரம்மா" என்றார் அக்கா ஒரு கட்டத்தில். கை குதிரையின் கன்னத்தில் இருந்தது. "நல்லா வுடுது."

கயிறு முழுதாக வந்தது. புண்ணைக் கழுவி, புழு எடுத்து, மருந்து வைத்து, தைக்க முடிந்ததைத் தைத்தேன். மயக்கம் தெளிவிக்கிற ஊசி போட்டுவிட்டு எல்லோரையும் விலகச் சொன்னேன். அக்கா கடைசியாக எழுந்தார். முழங்கால் இரண்டிலும் மணல் ஒட்டியிருந்தது. குதிரை தலையைத் தூக்கியது, இரண்டு முறை எழப் பார்த்து விழுந்தது, மூன்றாவது முறை நின்றது. கால் நடுங்க, எங்களை எல்லாம் பார்த்தபடி நின்றது. பிறகு தோப்புப் பக்கம் நடந்தது. ஓடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் தினமும் போனேன். புண் ஆறியது. வெல்லத்தை என் கையிலிருந்தே தின்னப் பழகியது. தையூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர் அதை அழைத்துப் போனார். இன்னும் பல வருடம் உயிரோடு இருந்தது என்று கேள்விப்பட்டேன். சித்திகா அக்கா மறு வாரமே லெவல் மிஷின்களை எடுத்தார். ஸ்கோப்களும் வந்தன, சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாக. தப்பை அவரே வந்து சொன்ன கதை கிளப்பில் பரவியிருந்தது.

அன்று கோவளத்தில் குதிரை தோப்புக்குள் போய் மறைகிற வரைக்கும் யாரும் நகரவில்லை. பிறகு முத்தாலம்மாள் ஒரு பையில் நாலு சங்கரா மீனைப் போட்டு அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு, கையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"எத்தினி தபா கழுவணுமோ தெரியல" என்றார். "வாங்க டாக்டரம்மா, போலாம். நிகத்து டியூஷன் வுட்டு வந்துடும், சாவி எங்கிட்ட கீது."